வெளிச்சமும் வேருக்குக் காற்றும்: வீவக வீட்டில் இலைச் செடி வளர்ப்பது

சிங்கப்பூரில் பத்தாவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வரவேற்பறையில் ஒரு மான்ஸ்டெரா, ஒரு கலாத்தியா, ஓர் அலோகேசியா. வாரம் ஒருமுறை தண்ணீர், தினமும் இலைமேல் தெளிப்பு. இரண்டு மாதத்தில் மான்ஸ்டெரா மஞ்சளாகிறது, கலாத்தியாவின் இலையோரம் கருகுகிறது, அலோகேசியா ஒற்றை இலையோடு நிற்கிறது, தொட்டியை அசைத்தால் குட்டிக் கறுப்பு ஈக்கள் எழும்புகின்றன. வெப்பமண்டலச் செடிகளுக்கு வெப்பமண்டலத் தீவிலேயே ஏன் இந்தக் கதி என்பது உங்கள் கேள்வி.

உங்கள் வீட்டுக் காற்றில் குறை இல்லை. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது: இலைக்கு வெளிச்சம் போதவில்லை, வேருக்குக் காற்று போதவில்லை. தினமும் தெளி, ஈரப்பதமூட்டி வை, தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்று, குளிர்காலத்தில் உரத்தை நிறுத்து என்று இணையத்தில் படிப்பதெல்லாம் குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொன்னது. அங்கே சூடேற்றி ஓடும் மாதங்களில் அறைக் காற்று காய்ந்து கிடக்கும். இங்கே வெப்பம் ஆண்டு முழுக்க 24 முதல் 33 டிகிரிக்குள் நிற்கிறது. ஈரப்பதம் பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டியும் விடியற்காலையில் 90-ஐத் தாண்டியும் இருக்கிறது. இந்தக் காற்றில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் செடிக்கு ஒன்றும் கூடுவதில்லை. நனைந்த இலை இரவெல்லாம் காயாமல் கிடந்து, மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் வரத்தான் வழி செய்யும். அது பாக்டீரியா நோய். தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

நம் சாலையோர மழைமரங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் இந்தச் செடிகளின் குணம் புரியும். கிளைக்கவட்டில் பறவைக்கூட்டுப் பெரணி உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே மண்ணே இல்லை. அடிமரத்தில் மணி பிளாண்ட் ஏறி, வீட்டில் உள்ளங்கை அளவில் நிற்கும் அதே செடி அங்கே முழங்கை நீள இலை விடுகிறது. மான்ஸ்டெராவும் பெரும்பாலான பிலோடெண்ட்ரான்களும் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இப்படி மரம் ஏறுபவைதான். அவற்றின் வேர் பற்றுவது மரப்பட்டையையும் உதிர்ந்த இலைக் குப்பையையும். மழை கொட்டும், சில நிமிடத்தில் வடிந்துவிடும், பிறகு காற்று புகும். அந்த வேரை, ஒரு வாரம் காயாத தென்னை நார்த்தூளில் புதைத்து, சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால் மூச்சு முட்டிப்போகும்.

முதலில் வெளிச்சம். இதில் நம் கண்ணை நம்பக் கூடாது. அரை இருட்டையும் கண் பழக்கிக்கொண்டுவிடும். கைப்பேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, முற்பகல் பதினோரு மணி வாக்கில், இலை இருக்கும் இடத்தில் கைப்பேசியை வெளிச்சம் வரும் பக்கம் திருப்பி அளந்து பாருங்கள். அளவு துல்லியமாக இராது, ஆனால் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிடப் போதும். வெட்டவெளி நண்பகல் வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ். வெயில் நேராக விழாமல் வானம் நன்றாகத் தெரியும் சன்னலோரம் 3,000 முதல் 10,000 வரை காட்டும். அதே சன்னலிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே வந்தால் 200, 300 தான்.

என் கணக்கு இது: பாம்புச் செடி, ஸீஸீ செடி, மணி பிளாண்ட், பச்சை அக்லோனிமா ஆகியவை 500 முதல் 1,000 லக்ஸில் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்கும் என்றுதான் சொல்கிறேன், செழிக்காது. கலாத்தியாவுக்கு 1,500 முதல் 4,000. மான்ஸ்டெராவுக்கு 3,000-க்கு மேல் கிடைத்தால்தான் புது இலையில் துளை விழும். அலோகேசியாவுக்கு 5,000-க்குக் குறைந்தால் இலை ஒவ்வொன்றாகக் கொட்டும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலை பழைய இலையைவிடச் சிறிதாக வந்தால் உரக்குறை என்று நினைக்காதீர்கள். அது வெளிச்சக் குறை.

நம் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சன்னல் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். ஜூனில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 22 டிகிரி போல வடக்கே சாய்கிறது; டிசம்பரில் 25 டிகிரி போலத் தெற்கே. ஆக வடக்குச் சன்னலில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையும், தெற்குச் சன்னலில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையும் காலை மாலைச் சாய்வெயில் உள்ளே வரும். சில மாதம் நன்றாக இருந்த செடி திடீரென்று ஒரு பக்கம் வெளுத்துக் கருகினால் காரணம் பெரும்பாலும் இதுதான். காலை ஒன்பதரை மணி வரை விழும் வெயில் நல்லது. பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேற்கிலிருந்து கண்ணாடி வழியே விழும் வெயில் ஒரே நாளில் இலையைச் சுட்டுவிடும். மெல்லிய வெள்ளைத் திரை போதும், அல்லது செடியை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்துங்கள். எதிர்ப் புளோக் வெளிச்சத்தை மறைத்தால், 20 வாட் அளவிலான வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் பொருத்தி, நேரங்காட்டி வைத்து தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்கள். நம் பகலும் ஆண்டு முழுக்க 12 மணி நேரம்தான்.

வெளிச்சத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை வெளிச்சமே முடிவு செய்கிறது. 300 லக்ஸில் நிற்கும் மான்ஸ்டெரா வாரம் ஒரு குவளைகூடக் குடிக்காது. நீங்கள் ஊற்றியது தொட்டியில் தங்கும், மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கும், பிராணவாயு இல்லாத வேர் செத்துப்போகும், செத்த வேரில் அழுகல் பூஞ்சை ஏறும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் செடி வாடும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவோம். "தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று சொல்லப்படும் சாவுகளில் பாதி, உண்மையில் வெளிச்சம் கிடைக்காத சாவு.

அடுத்தது கலவை. இறக்குமதியாகும் செடிகள் பெரும்பாலும் தனித் தென்னை நார்த்தூளில் வருகின்றன. பண்ணையில் மூடுவலைக்கு அடியில், காற்றோட்டத்தில் அது சரி. உங்கள் வரவேற்பறையில் சரியில்லை. உள்ளூர்ச் செடிக் கடைகளில் விற்கும் சுட்ட மண் புதிதாக இருக்கும்போது கட்டி கட்டியாக நன்றாகத்தான் வடியும், நாளாக நாளாகப் பொடிந்து இறுகும். அதைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு டப்பாவை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் ஏறும் மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான், மணி பிளாண்ட் வகைகளுக்கு 1 முதல் 2 செ.மீ. அளவு ஆர்கிட் மரப்பட்டை 3 டப்பா, பெர்லைட் (பொரிந்த வெள்ளை எரிமலைக் கல்) அல்லது பியூமிஸ் கல் 2 டப்பா, தென்னை நார்த்தூள் 2 டப்பா, மண்புழு உரம் 1 டப்பா, உடைத்த மரக்கரி அரை டப்பா. அலோகேசியாவுக்குக் கல்லை 3 ஆக்கிப் பட்டையை 2 ஆகக் குறையுங்கள். கலாத்தியாவின் வேர் மெல்லியது, முழுக்கக் காய்ந்தால் பொறுக்காது. அதற்கு நார்த்தூள் 3, பெர்லைட் 2, பொடிப் பட்டை 1, மண்புழு உரம் 1. நார்த்தூள் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, இரண்டு முறையாவது தண்ணீர் மாற்றுங்கள். அதில் உப்பு இருக்கும். பெர்லைட்டை உலர்ந்தபடி கொட்டாதீர்கள், தூசி நெஞ்சுக்கு ஆகாது. பையிலேயே கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டுக் கொட்டுங்கள். கலந்து தொட்டியில் இட்டபின் மேலே தண்ணீர் ஊற்றினால் சில விநாடிகளில் அடியில் ஒழுக வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் பட்டையும் கல்லும் போதவில்லை.

தொட்டியின் அடியில் சரளைக் கல் பரப்புவது பரவலான பழக்கம். அதனால் வடிகால் கூடுவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. சரளைக்கு மேலேயே ஈர அடுக்காகத் தங்கும். வேர் இருக்கும் இடத்துக்கு அந்த ஈரம் இன்னும் நெருங்கி வருகிறது, அவ்வளவுதான். கலவை முழுவதும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

தொட்டி, வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று செ.மீ. மட்டும் அகலமாக இருக்க வேண்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். பக்கவாட்டிலும் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியே என் தேர்வு. அதை அழகான பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊற்றியபின் வெளித்தொட்டியில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். சுட்ட களிமண்ணால் செய்த தொட்டி நன்றாகக் காயும். தண்ணீரில் கை தாராளமானவர்களுக்கு அதுதான் நல்லது.

இப்போது உங்கள் மான்ஸ்டெரா. தொட்டியிலிருந்து எடுத்து, பழைய நார்த்தூளை விரலால் உதிர்த்து, மிச்சத்தைக் குழாய் நீரில் கழுவுங்கள். வேர்களின் நடுவே சிறு பிளாஸ்டிக் வலைக்கூடையோ பஞ்சுத் துண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கத்தரித்து எடுங்கள், அது நடுவேர்களை நெரிக்கும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ கெட்டியாக இருக்கும். கெட்ட வேரை இழுத்தால் தோல் உருவி நூல் மட்டும் கையில் நிற்கும், நாற்றமும் அடிக்கும். 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால் அதை நல்ல பகுதி வரை வெட்டுங்கள். வேரில் பாதிக்குமேல் போய்விட்டால் பழைய தொட்டிக்கே திரும்ப வேண்டாம், அதைவிடச் சிறியதை எடுங்கள். புதுக் கலவையில் நட்டு, கையால் அமுக்காமல் தொட்டியைத் தட்டி மண்ணை உட்காரவையுங்கள். ஒருமுறை முழுக்க நனைத்து வடியவிட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் கூடாது.

வேர் அறவே இல்லையென்றால், கணுவும் காற்று வேரும் உள்ள தண்டுத் துண்டை, கணுவுக்கு இரண்டு செ.மீ. கீழே வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். இங்குள்ள சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும், ஐந்தாறு செ.மீ. வளர்ந்ததும் கலவையில் நடலாம். கணு இல்லாத இலைக்காம்பு எத்தனை மாதம் நின்றாலும் செடியாகாது. மான்ஸ்டெராவுக்குப் பாசி சுற்றிய கம்பம் வைக்கும்போது இலைக்காம்பைக் கட்டாதீர்கள், தண்டைக் கட்டுங்கள். காற்று வேர் இருக்கும் பக்கம் கம்பத்தைத் தொட வேண்டும். கம்பத்தை ஈரமாக வைத்திருக்க முடியாதவர்களுக்குப் பாசி வீண் செலவு. சொரசொரப்பான மரப்பலகையே போதும்.

தண்ணீருக்குக் கிழமை கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக் கிடக்கும் டிசம்பரில் பத்து நாளானாலும் காயாத தொட்டி, மார்ச் மாத வெயிலில் மூன்று நாளில் காயும். விரலை நான்கு செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். பெரிய தொட்டியென்றால் மெல்லிய மூங்கில் சாத்தே குச்சி ஒன்றைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மான்ஸ்டெராவுக்கு மேற்பாதி காய்ந்த பிறகு, அலோகேசியாவுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு காய்ந்த பிறகு, கலாத்தியாவுக்கு மேல்மண் காயத் தொடங்கியதுமே, பாம்புச் செடிக்கும் ஸீஸீக்கும் முழுக்கக் காய்ந்து சில நாள் போன பிறகு ஊற்றுங்கள். ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். அரைக் குவளை அரைக் குவளையாக விடுவதால் உப்பு மேலே படிகிறது, அடிவேர் காய்கிறது.

கலாத்தியாவின் கருகிய ஓரத்துக்கு வருவோம். நம் குழாய் நீர் குடிக்கச் சிறந்த நீர். அதில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமினும் பல் நலத்துக்கு ஃபுளோரைடும் சேர்க்கப்படுகின்றன. கலாத்தியா, டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் மூன்றும் ஃபுளோரைடை இலை நுனியில் சேர்த்துக்கொண்டு கருகுபவை. வாளியில் ஒருநாள் வைத்தால் போய்விடும் என்பது ஃபுளோரைடுக்குப் பொருந்தாது, குளோரமினும் அப்படி எளிதில் போகாது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு குறைவதற்குப் பதிலாகச் செறிவு கூடும். மழைநீர் பிடிக்க வசதி இருந்தால் அதுவே மேல். இல்லையென்றால் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள். இன்னொரு காரணம் குளிர்சாதனம். 25 டிகிரி அறை இந்தச் செடிகளுக்குப் பிரச்சினை இல்லை. நேராக மேலே வீசும் உலர்ந்த காற்றுதான் பிரச்சினை. காற்று படாத மூலைக்கு மாற்றுங்கள். ஈரப்பதமூட்டி இந்த நாட்டில் தேவைப்படும் ஒரே இடம், நாளெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறை.

அந்தக் குட்டி ஈக்களின் புழுக்கள் நனைந்த மேல்மண்ணில் பூஞ்சையையும் அழுகலையும் தின்று வாழ்கின்றன. மண் ஏன் நனைந்தே கிடக்கிறது என்பதைச் சரிசெய்யாமல் இவை போகா. மஞ்சள் ஒட்டட்டை பறப்பவற்றைப் பிடிக்கும். புழுவுக்கு பிடிஐ என்னும் பாக்டீரியாத் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து, நான்கு வாரம் வாரந்தோறும் ஊற்றுங்கள். கொசுப்புழுவுக்கு எதிராகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பதும் இதே பிடிஐதான். மனிதருக்கும் செல்லப்பிராணிக்கும் தீங்கில்லை.

கொசுவைப் பற்றி இங்கே செடி வளர்ப்பவர் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு நாள் போதும். தொட்டித் தட்டுகளை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள், தண்ணீர் மேலே தேங்கக் கூடாது. வேர் விட வைத்த தண்ணீர்ப் புட்டியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். இலைக் குழியில் தண்ணீர் நிற்கும் புரோமிலியாட் வகைகள் வேண்டவே வேண்டாம் என்பேன்.

பூச்சிகளில் நான் மிகவும் அஞ்சுவது இலைப்பேன். இலையில் வெள்ளிப் பூச்சுப் போல வெளிறல், அதன்மேல் கறுப்புப் புள்ளிகளாக எச்சம், புது இலை கோணலாக விரிதல் ஆகியவை அடையாளம். நம் சூட்டில் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக இரண்டு வாரம்கூட ஆகாது. முட்டை இலைச் சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள்; அதனால் ஒருமுறை அடித்தால் தீராது. செடியைத் தனியே பிரித்து, குளியலறையில் இலையின் அடிப்பக்கம் பலமாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர்மம் 2 மி.லி., பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி. கலந்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்து முறை. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெல்வெட் போன்ற இலையுள்ள ஆந்தூரியத்தில் முதலில் ஓர் இலையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் 70 விழுக்காடு ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். இலைக்காம்பின் இடுக்குகளை விட்டுவிடாதீர்கள். குளிர்சாதன அறையில் அலோகேசியா இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய வலையும் தூசியும் தெரிந்தால் செஞ்சிலந்தி. அதற்கும் இதே கழுவலும் தெளிப்பும்தான். புதுச் செடி எதையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

உரத்தில் இங்கே ஓய்வுக் காலம் கிடையாது, செடி ஆண்டு முழுக்க வளர்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமமான 20-20-20 தூளோ, 3-1-2 விகிதத்தில் உள்ள இலைச்செடி உரமோ, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமண்ணில். மெதுவாகக் கரையும் உருண்டை உரம் வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: பெட்டியில் எழுதிய மூன்று நான்கு மாதம் என்பது பொதுவாக 21 டிகிரி மண்வெப்பத்துக்குக் கணக்கிட்டது. நம் வெப்பத்தில் அது வெகு சீக்கிரம் கரைந்து வேரைச் சுடும். பாதி அளவு போட்டு, இரண்டு மாதத்தில் மீண்டும் போடுங்கள்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாதவர்கள் பொதுத் தாழ்வாரத்துக்குப் போவது இயல்பு. 1.2 மீட்டர் நடைவழி தடையின்றி இருக்க வேண்டும், கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கக் கூடாது. உயரமான மாடியில் காற்று பலமாக வீசும்; பெரிய இலைகள் கிழியும், தொட்டியும் இருமடங்கு வேகத்தில் காயும். புகைமூட்டக் காலத்தில் இலைமேல் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: மான்ஸ்டெரா, அலோகேசியா, பிலோடெண்ட்ரான், டிஃபன்பேக்கியா எல்லாவற்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் இவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். கலாத்தியாவால் அந்தக் கவலை இல்லை.

கடைசியாக உங்கள் அலோகேசியா. ஒற்றை இலையோடு நிற்பதால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது இலை வரும்போது ஒரு பழைய இலையை உதிர்ப்பது அதன் வழக்கம். நல்ல வெளிச்சம் இருந்தால் மூன்று நான்கு இலையைத் தக்கவைக்கும். அந்த ஒன்றும் விழுந்துவிட்டால் தோண்டி, கிழங்கை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. வேரோடு ஒட்டிப் பழுப்பு நிறச் சிறு முத்துக் கிழங்குகளும் கிடைக்கும்; மேல்தோலை உரித்து, ஈரப் பெர்லைட்டில் பாதி புதையும்படி வைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெளிச்சமான இடத்தில் விடுங்கள். மூடியை மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று மாற்றுங்கள். சில வாரங்களில் முளை தெரியும். வேர் நான்கு செ.மீ. ஆனதும், முதல் இலை விரிந்த பிறகு, மேலே சொன்ன கலவையில் ஏழெட்டு செ.மீ. தொட்டியில் நடுங்கள்.